கறுப்புப் பைக்குள் ஒரு மந்திரம்

கார்த்திகை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துவைத்த துணி எல்லாம் ஈரம்.

கடையில் ஏலக்காய் தரம் பிரிப்பு. இன்று வந்த காய் நல்ல பச்சை. முதலாளி வழக்கம்போல், "வெயிலு படாம கட்டி வையுங்க ஆத்தா, நெறம் போச்சுன்னா எவன் வாங்குவான்?" எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்! கறுப்புப் பையில் போட்டு, சாக்குக்குள் வைத்து, வாயை இறுக்கிக் கட்டியே கை காய்த்துப்போனது.

வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் திபெத்துக்காரர்களின் ஸ்வெட்டர் கடைகள். குளிருக்கு வருஷா வருஷம் வருகிறவர்கள். கூட வேலை பார்க்கும் செல்வி விலை கேட்க நின்றாள். கடைக்காரப் பெண் மாலையை உருட்டியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஓம் மணி பத்மே ஹூம்.

என் வீட்டுக்காரர் சொல்லும் அதே மந்திரம். அவர் போன பிறகு அதை யார் வாயிலும் கேட்டதில்லை.

வாங்க: தே. எண்ணெய், தலைவலித் தைலம், சீயக்காய்.

கார்த்திகை 9, செவ்வாய்

மழை இல்லை. கை காயைப் பொறுக்கியது, மனம் முழுக்க ஜீப்பில்.

அவர் பட்டாளத்திலிருந்து வந்து ஜீப்பு ஓட்டிய காலம். விடிந்ததும் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஹாரன், பிறகு வாய்க்குள் இந்த மந்திரம். லடாக்கில் லாரி ஓட்டும்போது ஒட்டிக்கொண்ட பழக்கம். பின்னால் இருக்கும் பெண்கள் விடுவார்களா? "யாருண்ணே அந்த பத்மா? மதினிக்குத் தெரியுமா?" மதினியாகிய நான் முன் சீட்டில்தான் இருப்பேன். அவருக்குக் காது சிவந்துவிடும். வெற்றிலை வாசம், தூக்குவாளிச் சோறு, பனி. அந்த ஜீப்பில் இன்னொரு தடவை ஏறக் கிடைத்தால் போதும்.

அர்த்தம் கேட்டால், "வண்டி பள்ளத்துக்குப் போகாம இருக்க" என்பார். அவ்வளவுதான்.

கடைசி மாதத்தில் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் லடாக்கிலிருந்து கொடித்தோரணம் அனுப்பினார். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். துணிக்குத் துணி இதே மந்திரம் அச்சடித்திருந்தது. பிரித்துப் பார்த்துச் சிரித்தார். கட்டுவதற்குள் போய்விட்டார். எனக்குத் தெரிந்த விதத்தில் பத்திரப்படுத்தினேன். கறுப்புப் பை, பீரோவின் அடித்தட்டு. அவர் கை பட்டதில் இன்னும் புதிதாக இருப்பது அது ஒன்றுதான்.

கார்த்திகை 11, வியாழன்

மேகமூட்டம். தோரணத்தை எடுத்துக்கொண்டு ஸ்வெட்டர் கடைக்குப் போனேன். அந்தப் பெண் பெயர் தோல்மா. தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா, இது ஏன் பைக்குள்ள?"

"வெயில்ல நெறம் போயிருமே."

"போகணும் அக்கா. காத்து படும், காத்து மந்திரம் சொல்லும். கலர் போச்சுன்னா மந்திரம் எல்லா உயிருக்கும் போய்ச் சேந்துச்சு."

அர்த்தம் கேட்டேன். மணி கருணையாம், பத்மம் அறிவாம், இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டுமாம். "அம்மா சொன்னது இது. லாமா வேற சொல்வாரு, ரொம்ப நீளம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்வது சுலபம். அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். வீட்டுக்கு வந்து, பழையபடி பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

கார்த்திகை 13, சனி

லேசான வெயில். பையைத் திறந்து முகர்ந்தேன். அவர் வாசனை இல்லை. பிளாஸ்டிக் வாசனை மட்டும். அழுதேன்.

போடிமெட்டில் கட்டிவிடலாமா என்று செல்வியிடம் கேட்டேன். "நாளைக்குச் சோலி இல்லேல்லக்கா. வெரசா கெளம்புங்க, நானும் வர்றேன்."

கார்த்திகை 14, ஞாயிறு

நல்ல வெயில். ஜீப்பில் போடிமெட்டு. வளைவுக்கு வளைவு, என்னை அறியாமல் வாய் முணுமுணுத்தது. யாரும் பத்மாவை விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

மேலே, அவர் இன்ஜின் ஆற நிறுத்தும் இடம். இரண்டு மரம். செல்வி ஒரு முனை, நான் ஒரு முனை. முடிச்சுப் போடும்போது அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"அக்கா, நெறம் எம்புட்டு நல்லாருக்கு! இந்த வெயில்ல ஒரு மாசம் தாங்காது."

காற்று வந்தது. தோரணம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் ஒருநாளும் இத்தனை சத்தமாகச் சொன்னதில்லை.

தையில் போய்ப் பார்க்க வேண்டும். வெளுத்திருக்க வேண்டும்.