கணீரென்று அடித்த ஹாரன்

இன்று காலை உன் மகள் கடைக்கு வந்து உன் வேனின் அந்தப் பேட்டரியை என் மேஜைமேல் வைத்தாள். அதே நீல உறை, நீ ஒட்டிய அண்ணாமலையார் ஸ்டிக்கர், ஒரு மூலையில் மட்டும் சின்ன நசுங்கல். நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அது இன்னும் வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

"கரண்ட் போனா வீட்ல லைட்டுக்கு வச்சிருந்தோம் மாமா. இன்னும் நல்லா நிக்குது," என்றாள். பிறகு செல்போனை நீட்டினாள். உன் பழைய போனிலிருந்து எடுத்த வீடியோ. அதில் நீ வேனின் டேஷ்போர்டைக் காட்டிச் சிரிக்கிறாய். உன் விரல் ஒரு சின்ன சுவிட்சைத் தட்டுகிறது. "இதத் தட்டுனா டைனமோவுக்கு லீவு. டீசல் மிச்சம். எல்லாம் நம்ம மச்சான் வேலை," என்கிறாய். உன் குரலைக் கேட்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இதே சுவிட்ச என் வண்டிக்கும் போட்டுக் குடுங்க மாமா. ஸ்கூல் வேன் ஓட்டறேன்ல, டீசல் ரொம்ப குடிக்குது."

ஏதோ ஃப்யூஸ் தேடுகிறவனைப் போல மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே ஒரு பழைய பாக்கு டப்பா இருக்கிறது. அதற்குள் அந்தச் சுவிட்சும் ஒரு சிவப்பு பல்பும் கிடப்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எதையாவது நோண்டாமல் உன்னால் சும்மா இருக்க முடியாது. காலையில் காஞ்சி ரோட்டு ஊர்களிலிருந்து ஆபீஸ்காரர்களை ஏற்றிவந்து வேங்கிக்கால் ஆபீஸ்களில் விடுவாய், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் இறக்குவாய். நடுவில் இருக்கும் பகல் முழுவதும் என் ஒயரிங் கடையில்தான் உனக்கு வாசம். அப்படி ஒரு பகலில்தான் கேட்டாய். என்ஜின் ஓடும்போது பெல்ட்டில் சுற்றிக்கொண்டு பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவது டைனமோ. அதைச் சுற்றவும் டீசல்தானே எரிகிறது? பேட்டரியை வீட்டிலேயே சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்துவிட்டால் அதற்கு வண்டியில் என்ன வேலை?

பழைய ஈய பேட்டரி அதற்குத் தாங்காது என்றேன். லித்தியம் தாங்கும் என்று நீ எங்கோ விசாரித்துவிட்டு வந்திருந்தாய். எடையும் கம்மி, நாள் முழுக்க நிற்கும். உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் கை துறுதுறுத்தது. ஒரே மதியத்தில் சுவிட்சைப் போட்டுக் கொடுத்தேன். தட்டினால் டைனமோ சும்மா சுற்றும், திரும்பத் தட்டினால் வேலை செய்யும். டீசல் மிச்சமாகத்தான் செய்தது. நீ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

டைனமோ வேலை செய்யாதபோது டேஷ்போர்டில் ஒரு சிவப்பு பல்பு எரியும். எச்சரிப்பதுதான் அதன் வேலை. வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் அதைக் கேட்டு உன்னைத் துளைத்தார்கள். "இதக் கழட்டிப் போடு மச்சான். நாத்தனா மாதிரி மொறைச்சுக்கினே இருக்குது," என்றாய். சிரித்துக்கொண்டே கழற்றினேன்.

என் கடையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு ஹாரன் அடிப்பது உன் வழக்கம். அது வெறும் வணக்கம் இல்லை. எந்த வண்டியின் ஹாரனைக் கேட்டும் அதன் பேட்டரி எப்படி இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். பேட்டரி சோர்ந்தால் ஹாரன் கம்மும், ஹெட்லைட் மஞ்சளாகும். இருபது வருடம் இந்தக் காதை நம்பித்தான் பிழைத்தேன். "எங்க மச்சானுக்கு மீட்டரே வேணாம், ஒரு ஹாரன் அடிச்சாப் போதும்," என்று நீயே ஆள் பிடித்துக் கூட்டிவருவாய். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறித்தான் இருந்தது.

அந்தக் கார்த்திகை மாத மழை நாளில் காலையிலேயே போன் பண்ணினாய். "நைட்டெல்லாம் கரண்ட் இல்ல மச்சான். எவ்ளோ சார்ஜ் ஏறுச்சுன்னு தெரியல. பேசாம டைனமோவ ஆன் பண்ணிட்டே ஓட்டட்டா?"

சரியாகத்தான் கேட்டாய். எனக்கு முன்னால் ஒரு செல்ஃப் மோட்டார் பிரித்துப் போட்டுக் கிடந்தது. ஆன் பண்ணிக்கொள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் என் வித்தையைக் காட்டினேன். "சாயங்காலம் போறப்ப ஹாரன் அடி. கேட்டுட்டு சொல்றேன்," என்றேன்.

சாயங்காலம் மழையில் வந்தாய். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்லைட் எரிந்தது, உள்ளே எல்லா விளக்கும் போட்டிருந்தாய். வாசலில் வேகத்தைக் குறைத்து இரண்டு முறை அடித்தாய். கணீரென்று இருந்தது, புது வண்டிபோல. நான் உள்ளே உட்கார்ந்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். நீயும் கையைத் தூக்கிவிட்டுப் போனாய்.

லித்தியம் சோராது, மச்சான். கடைசிவரை ஒரே குரலில் கத்தும். தீரும்போது உள்ளே இருக்கும் ஒரு சின்ன போர்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடும். இதைப் பேட்டரி விற்றவன் என்னிடம் சொல்லியிருந்தான். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் காது பழைய காதாகவே இருந்தது.

எல்லோரையும் இறக்கிவிட்டு அடி அண்ணாமலைக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாய். ஏழு மணிகூட ஆகியிருக்காது. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் மூன்றும் ஒன்றாக நின்றிருக்கும். உன் வண்டி என்ஜின் பழையது, ஓடுவதற்குக் கரண்ட் வேண்டியதில்லை. அதனால் அது மட்டும் நிற்கவில்லை. ரோட்டோரம் கரும்பு ஏற்றிய டிராக்டர் நின்றிருந்தது. "லைட்டே இல்லாம வந்துச்சுங்க. ஒரு ஹாரன் கூட அடிக்கல. தூங்கிட்டாரு போல," என்றான் டிராக்டர்காரன். அவன் சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது.

அதற்கு மேல் நான் செய்ததை உனக்கு இதுவரை நினைப்பில்கூடச் சொன்னதில்லை. விலை உயர்ந்தது, திருடு போய்விடும் என்று மறுநாள் காலை உன் வண்டியின் பேட்டரியைக் கழற்றித் தர உன் வீட்டார் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கழற்றிக் கொடுத்தேன். கூடவே டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுச் சுவிட்சையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. சாவு வீட்டில் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும் அது என் பையில்தான் இருந்தது.

நான் டிராயருக்குள் கையை விட்டபடி நிற்க, உன் மகள் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "ஸ்கூல்ல டீச்சருங்க தெனம் சொல்றாங்க மாமா, அப்பா மாதிரி தூங்கிடாதம்மான்னு. சிரிச்சுட்டு வந்துடுவேன்."

டப்பாவை எடுத்துப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த நேரமே ஆனது.

"அப்ப அப்பா தூங்கலையா?"

"தூங்கலம்மா."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "எந்தக் கை மாமா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அப்பாவுக்கு எந்தக் கையக் காட்டுனீங்க?"

வலது கையை நீட்டினேன். கிரீஸ் அப்பிய அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு மதியானம் அம்மா அப்பாவுக்கு மோர் சோறு கட்டிக் குடுத்துச்சு," என்றாள். "அதனாலதான் அசந்துட்டாருன்னு அதுக்கு நெனப்பு. நாலு வருஷமா எங்க வீட்ல யாரும் மோர் ஊத்திச் சாப்பிடறதில்ல மாமா."

இது எனக்குத் தெரியாது. எத்தனை முறை உன் வீட்டுக்குப் போயிருக்கிறேன், அவர்கள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். குழம்பு, ரசத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நானும் எழுந்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அவள் எழுந்தாள். "ஸ்கூல் விட்டதும் பசங்கள எறக்கிட்டு அம்மாவக் கூட்டினு வரேன். எங்கிட்ட சொன்ன மாதிரியே அதுங்கிட்டயும் சொல்லுங்க. கடைய மூடிட்டுப் போயிடாதீங்க." பேட்டரியை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வேன் கடையைத் தாண்டியபோது ஹாரன் அடிக்கவில்லை. உன் பழக்கம் அவளுக்கும் உண்டு, இன்றுவரை ஒருநாளும் தவறியதில்லை.

மதியத்திலிருந்து மலையின் பாதியை மேகம் மூடிவிட்டது. பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தேன். நிறைய இருப்பதாகக் காட்டுகிறது. அதை நான் நம்பவில்லை. ஸ்கூல் விட்டு வெகு நேரமாகிறது. வந்த வேலை எதையும் தொடாமல் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது, மச்சான். உன் மனைவி என்னைத் திட்டுவாரோ என்று இல்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் மோர் சோற்றை நினைத்து என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குத்தான்.

உன்னைப் போகச் சொன்னது இந்தக் கைதான். நான்கு வருடமாக ரோட்டில் யார் ஹாரன் அடித்தாலும் இந்தக் கட்டைவிரல் தானாக எழப் பார்க்கும். மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வேன். வாடிக்கையாளர்கள் அதை ஏதோ வாதம் என்று நினைக்கிறார்கள்.

மழை பிடித்துவிட்டது. வாசலில் ஒரு வேன் வேகத்தைக் குறைக்கிறது. முன் சீட்டில் இரண்டு பேர். ஹாரன் அடிக்கவில்லை.