பவுடருக்கு வந்த சளி

அன்பு மகள் ஃபெபாவுக்கு, ஓசூரிலிருந்து அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், ஆனால் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அடைபட்டுச் சுகம். குவைத்தில் நீ சுகமாயிருக்க இரண்டு பக்கமிருந்தும் ஜெபம் போகிறது.

நீ விட்டுப்போன பூனை பவுடர் மூன்று குட்டி போட்டதைப் போனில் சொன்னேன், பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. குட்டி போட்ட கொஞ்ச நாளில் அது தும்ம ஆரம்பித்தது, கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. எனக்கு ஷிப்டு, அதனால் அம்மாவே அதைக் கூடையில் போட்டு மூடி எல்லை தாண்டி அத்திப்பள்ளி மாட்டாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். அங்கே டாக்டர் இல்லை, மருந்து எடுத்துக் கொடுக்கும் ரங்கம்மா என்ற கன்னடக்காரப் பெண்தான் இருந்திருக்கிறாள். பூனைக்கு ரொம்ப சளிங்க என்றிருக்கிறாள் அம்மா. கன்னடத்தில் சளி என்றால் குளிராயிற்றே. பிறாண்டும் என்று பயந்து அவள் கூடையைக்கூடத் திறக்காமல், கம்பளி போத்தி குட்டிங்களோட சேத்துப் படுக்க வைங்கம்மா என்று அனுப்பிவிட்டாள். நம் சளிக்கு அவர்கள் சொல்லும் நெகடி என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். மார்க்கெட்டில் கன்னடத்திலேயே பேரம் பேசுகிற உன் அம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்து அந்த வார்த்தை வாயில் வரவில்லை. என் கம்பளியைப் போர்த்தி நாலையும் ஒன்றாகப் படுக்க வைத்தாள். கறுப்புக்குட்டி அந்தக் கம்பளிக்குள்ளேயே நோய் ஒட்டிச் செத்துப்போயிற்று. அம்மா அழுததை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்புறம் டாக்டரையே பார்த்தேன். பூனைக்குப் பூனை தொற்றும் வைரஸாம், பவுடர் தேறினாலும் உடம்பை விட்டு முழுசாகப் போகாதாம், மனசு கலங்கினால் மறுபடி தும்முமாம். நீ போகுமுன் போட்டது நாய்க்கடி ஊசிதானாம், ஊசி போட்டாச்சு என்று நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். மிச்சம் இரண்டு குட்டிக்கும் இதற்கென்றே தடுப்பூசி இருக்கிறது, பெங்களூரிலிருந்து ஐஸில் வைத்து வரவழைக்க வேண்டும். ஆனால் எட்டு வாரம் நிறைந்த பிறகுதான் போடுவார், கொஞ்ச நாள் விட்டு இன்னொன்று, அதுவரை தாய் பக்கம் விடாதீங்க என்றுவிட்டார்.

அதனால் பின் அறையில் பவுடர் தனியாகக் கிடந்து கலங்காதபடி அதோடு அம்மா, முன் அறையில் குட்டிகளுக்கு இங்க் ஃபில்லரில் பால் புகட்டிக்கொண்டு நான். கதவுக்கு அந்தப் பக்கம் தாய் கத்துகிறது, இந்தப் பக்கம் குட்டிகள் கத்துகின்றன. சமைக்க வருவதென்றால் புடவை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி வருகிறாள். சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டாள். நேற்று கதவுக்குப் பின்னாலிருந்து, என்னங்க, மூச்சு முட்டுது, என்னைய வெளிய வுட்டுடுங்க என்றாள். தாழ்ப்பாள் அவள் பக்கம்தான் இருக்கிறது. நான் குட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் பாஸ்போர்ட்டை நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொண்டு லீவு தர மறுக்கிறார்கள் என்று உன் தம்பி மெல்வின் சொல்லித்தான் தெரிந்தது. நீ ஒவ்வொரு கடிதத்திலும் சுகம் என்றே எழுதுகிறாய். போன ஞாயிறு போனில் மூக்கடைத்த குரலில் பேசினாய். என்னம்மா என்றதற்கு, சளிதாம்ப்பா, வேற ஒண்ணுமில்ல என்றாய். நானும் மிளகு ரசம் வை என்று புத்தி சொல்லி வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக எங்கும் போகாதே. கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. பதில் போட மறக்காதே. சளி என்ற அந்த வார்த்தையை ஒருமுறை தப்பாகக் கேட்டு இந்த வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது ஃபெபா. உனக்கு வந்தது அழுகை என்றால் அழுகை என்றே எழுது.

பாசமுள்ள அப்பா,
பிரகாசம்