கங்கைச் சரிவில் திராட்சைப் பந்தல்

நான் அப்போதே சொன்னேன், மாப்பிள்ளை. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். நீங்கள் டெல்லியை உதறிவிட்டுக் கம்பத்துக்குப் போவீர்கள் என்று சொன்னேன். உங்கள் பக்கத்துத் திராட்சை ஒருநாள் டெல்லிக்கு வந்து சேரும் என்று சொன்னேன். என் தங்கை என்னோடு ஒரு வருஷம் பேசமாட்டாள் என்பதைக்கூடச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் சாட்சிக்கு ஆள் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் ரிட்டையராகி ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேருக்குக் காது சரியில்லை.

இன்று காலை இங்கே டெல்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அப்பளம் வாங்கப் போனேன். கடை வாசலில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார்கள். குனிந்து பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது, பன்னீர் திராட்சை. "இது எங்க மாப்ளை தோட்டத்துப் பழம்" என்றேன் கடைக்காரரிடம். "சார், இது சின்னமனூர்ச் சரக்கு" என்றார். "சின்னமனூரோ கம்பமோ, அந்தப் பள்ளத்தாக்கே எங்க மாப்ளையோடதுதான்யா" என்றேன். ஒரு கொத்தைக் கையில் தூக்கி முகர்ந்தபடி நான் நின்ற நேரத்தில் அவர் மூன்று பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்துவிட்டார். அப்பளத்தை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்த பிறகு உங்களோடு பேசுவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் அமைச்சகத்தில் கிளார்க். நான் அதே கட்டடத்தில் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற பியூன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான், ஆனாலும் என்னை மீறி அங்கே ஒரு ஃபைல் நகர்ந்ததில்லை. நகர்த்தியதே நான்தானே. நீங்களும் சைக்கிளில்தான் ஆபீசுக்கு வருவீர்கள். வழி முழுக்க நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள். கேட்கிறீர்களா இல்லையா என்பது எனக்கு முக்கியமாக இருந்ததில்லை.

உங்கள் அப்பா காலமான பிறகு கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. விற்றுவிடலாம் என்று உங்கள் தம்பி போன் மேல் போன் போட்டான். ஒன்று, விற்கச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு நீங்களே போய் நிற்க வேண்டும். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை. "தீபாவளி கழிச்சு மலைப்பக்கம் சைக்கிள்ல ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்றேன்" என்றீர்கள்.

அன்று மாலையே என் தங்கை வந்து நின்றாள்.

"அண்ணே, மலைக்குப் போறாராம். அதுவும் சைக்கிள்லயாம். கேட்டீங்களா கூத்தை?"

"நான் அப்பவே நெனச்சேன்."

"நெனச்சது போதும், கூடவே போங்க. இந்தக் குவார்ட்டர்ஸையும் பிள்ளைக படிப்பையும் விட்டுட்டு அந்தப் பந்தலுக்கு அடியில போயி நான் உக்கார மாட்டேன். அவரு மனசைத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க."

"என்கிட்ட விடு. ரிஷிகேஷ் தாண்டுறதுக்குள்ள 'வித்துரலாம்'னு அவரு வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

பஸ் கூரையில் இரண்டு சைக்கிளையும் கட்டிப் போட்டுக்கொண்டு போய் விடியற்காலையில் ரிஷிகேஷில் இறங்கினோம். யாத்திரைக் கூட்டம் வடிந்துபோன சமயம். ஊரைத் தாண்டியதும் சாலை முழுக்க நமக்கே. இடது பக்கம் மலை நெற்றியில் இடிப்பது போல நின்றது. வலது பக்கம் கங்கை. டெல்லியில் யமுனையைப் பார்த்துப் பார்த்து ஆறு என்றால் கறுப்பாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இது பச்சை. அதுவும் உள்ளேயிருந்து வெளிச்சம் போட்ட மாதிரி ஒரு பச்சை. உலகத்தில் நான் பார்க்காத ஆறு இல்லை, அன்றைக்கு அத்தனையும் வாய்க்காலாகிவிட்டது.

கௌடியாலா என்கிற ஊருக்கு அப்புறம் ஏற்றம். நான் என் வேலையை ஆரம்பித்தேன்.

"மாப்ள, பென்ஷனை யோசிச்சீங்களா?"

"ம்."

"வீட்டு வாசல்ல பஸ். கூப்பிடு தூரத்துல டாக்டர். அங்க போயி மழை பேஞ்சாலும் பயம், பேயலைன்னாலும் பயம்."

"மச்சான், ஏத்தத்துல பேசுனா மூச்சு வாங்கும்."

"யாருக்கு? எனக்கா? செங்கோட்டையிலேர்ந்து குதுப்மினார் வரைக்கும் ஒரே மூச்சுல..." என்று தொடங்கியவன் இருமலில் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். நீங்களும் இறங்கி, சிரிக்காமல், பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தீர்கள்.

ஒரு வளைவில் மேலிருந்து ஒரு கல் உருண்டு வந்து நம் முன்னால் சாலையைக் கடந்து பள்ளத்துக்குள் போயிற்று. அது தண்ணீரில் விழும் சத்தத்துக்காக இரண்டு பேரும் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். சத்தம் வரவில்லை. "இன்னும் விழுந்துக்கிட்டு இருக்கு" என்றீர்கள் நீங்கள். ஆறு கீழே ஒரு நாடா மாதிரி மெலிந்து கிடந்தது. அந்த உயரத்தில் மனுஷன் பேச்சுக்கு மரியாதை இல்லை என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது. பென்ஷனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏற்றத்தின் உச்சியில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் என் சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பின் பிரேக் கட்டை வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. முன் பிரேக் பெயருக்கு இருந்தது. "பாய் சாப், இதுல எறங்கினா நேரா கங்காஜிதான்" என்று இந்தியில் சொன்னாள். சைக்கிளை அவளிடமே விட்டோம், திரும்பும்போது பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. நீங்கள் காய்ந்த கிளை ஒன்றை இழுத்து வந்து உங்கள் சைக்கிளுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினீர்கள்.

"இது எதுக்கு மாப்ள?"

"கம்பம் மெட்டு மலை ரோட்டுல பாரம் ஏத்திட்டு எறங்குறப்ப இப்படித்தான் கட்டுவோம். தரையில இழுபட்டுக்கிட்டே வரும், வண்டி ஓடாது."

"நான் என்ன பாரமா?"

"வாயை இங்கனயே எறக்கி வச்சுட்டு வந்தீங்கன்னா பாதி கொறையும்."

அப்படித்தான் நான் உங்கள் கேரியரில் உட்கார்ந்தேன். பின்னால் கிளை தார் ரோட்டில் கரகரவென்று இழுபட, தேவப்பிரயாகையை நோக்கி இறங்கினோம். அந்த இறக்கத்தில் ஓர் அதிசயம் நடந்தது. என் வாய் அடைத்துக்கொண்டது. உங்கள் வாய் திறந்தது.

"மச்சான், ஆறு இப்ப வளையுது. வளையல் பச்சை. அந்தா ஒரு தொங்குபாலம், ஒரு பொம்பளை கோவேறு கழுதையப் புடிச்சுக்கிட்டுப் போறா. கழுதை நடுப்பாலத்துல நின்னுக்கிருச்சு. இழுக்குறா. வரமாட்டேங்குது." எனக்கு முதுகு காட்டியபடி, முன் எப்போதும் இல்லாத நிதானத்தோடு சொல்லிக்கொண்டே போனீர்கள். "அக்கரையில மலைய வெட்டிப் படிப்படியா வயல். ஒவ்வொரு படியிலயும் கல்லுக்கால் நட்டிருக்கு. கம்பி இழுத்திருக்கு. கொடி ஏறிருச்சு மச்சான். திராட்சை. கவாத்து வெட்டி இப்பத்தான் துளிர் வந்திருக்கு."

பார்த்தேன், மாப்பிள்ளை. இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். கங்கைக்கு அக்கரையில், வானத்தில் பாதி வரைக்கும், படிக்குப் படி பந்தல். துளிரும் இருந்தது, பழமும் இருந்தது. ஒவ்வொரு கொத்தும் பலாக்காய் அளவு. வெயில் அந்தப் பழங்களுக்குள் நுழைந்து சிவப்பாக வெளியே வந்தது. இதை நான் கிட்வாய் நகர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"மேக்கு மூலையில ஒரு கால் சாஞ்சு நிக்குது. போன மழைக்கே நிமித்தியிருக்கணும். அப்பா இருந்தா விட்டிருக்க மாட்டாரு."

கங்கைக்கரைத் தோட்டத்தில் உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. என் தங்கை சொல்லி அனுப்பியதையெல்லாம் அந்த இடத்தோடு விட்டுவிட்டேன். கிளை இழுபடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தேவப்பிரயாகையில் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு ஆறும் சேருவதைப் பார்த்தோம். ஒன்று கத்திக்கொண்டு வந்தது, மற்றது சத்தமில்லாமல். சத்தம் போடுகிற பாகீரதி மாமியார், அமைதியான அலக்நந்தா மருமகள் என்று பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தவர் சொன்னார். "ரெண்டு பேரும் இங்க வந்து ஒரே பேராயிடுறாங்க, கங்கைன்னு" என்றார். இரண்டு நிறமும் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, எந்த இடத்தில் என்று சொல்ல முடியாமல் ஒன்றானது. இரண்டு பேருக்கும் எழுந்திருக்க மனசில்லை. கடைசியில் நீங்கள்தான் எழுந்து போன் பூத்துக்குப் போனீர்கள்.

"விக்காதடா. நான் வர்றேன்." அவ்வளவுதான் பேசினீர்கள். வெளியே வந்து என்னைப் பார்த்து, "தங்கச்சிகிட்ட என்ன மச்சான் சொல்லப் போறீங்க?" என்றீர்கள்.

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுவேன்."

சொன்னேன். "அனுப்புனது அவரு மனசைத் திருப்பச் சொல்லி. நீங்க திரும்பி நிக்கிறீங்களே, அண்ணே!" என்று கத்திவிட்டு, அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு வருஷம். என்னோடு பேசாமலேயே உங்கள் பின்னால் கம்பத்துக்கும் வந்து சேர்ந்தாள்.

முதல் விளைச்சல் மழையில் அழுகியது, அடுத்தது நோயில் போயிற்று. அதற்கடுத்த விளைச்சலுக்கு நான் கம்பத்துக்கு வந்திருந்தேன். பனி விலகாத காலையில், இரண்டு பக்கமும் பந்தலாக இருந்த மண்பாதையில் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். மேற்கே மலை நீலமாக எழுந்து நின்றது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பின்னால் நீங்கள் என் தங்கையிடம் சொல்ல, அவள் நம்பவில்லை. இப்போது தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். நீங்கள் போன பிறகு, "டெல்லிக்கு வந்துரு, பிள்ளைக இங்கதானே இருக்குதுக" என்று கூப்பிட்டேன். "பந்தலை யாரு பாக்குறது, உங்க ஆபீஸ்காரவுகளா?" என்று போனை வைத்துவிட்டாள். இதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன்.

போன குளிரில் மறுபடி தேவப்பிரயாகைக்குப் போனேன். பஸ்ஸில், ஜன்னலோரம், கண் கொட்டாமல். அக்கரையில் படிப்படியாக வயல் இருந்தது. கோதுமை முளைத்திருந்தது. கல்லுக்கால் இல்லை, கம்பி இல்லை, ஒரு கொடி இல்லை. பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் விசாரித்தேன். "திராட்சையா? இங்கே எந்தக் காலத்திலும் கிடையாது" என்றார். மண்சரிவில் போயிருக்கும், நான் நேரில் பார்த்தவன் என்று சண்டை போட்டேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஊரில் யாரிடமும் இதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. உங்களிடம் மறைத்து என்ன பயன்? உங்களுக்குத்தான் தெரியுமே. அந்த இறக்கம் முழுக்க என் முகம் உங்கள் முதுகில் புதைந்திருந்தது. உங்கள் சட்டையை இரண்டு கையாலும் பற்றியிருந்தேன். உச்சியில் மூடிய கண்ணைத் தேவப்பிரயாகையில்தான் திறந்தேன். பார்த்தேன் என்று எழுதியது பொய், மாப்பிள்ளை. பாலத்தில் கழுதை நின்றதா என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்டேன். போன குளிரில் பஸ்ஸில் திரும்பும்போது அதே சரிவில் கண்ணை மூடிப் பார்த்தேன். அக்கரை முழுக்கப் பந்தல்.