கண்டவரே சரிசெய்யட்டும்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், டைரியே. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். உடம்பு கொதிக்கிறது.

எங்கள் பேக்கரி மேனேஜர் வைத்திருக்கும் சட்டம்: குறையைக் கண்டு சொன்னவரே வேலை முடிந்தும் இருந்து அதைச் சரிசெய்ய வேண்டும். குளிர் அறைக் கதவு சரியாக மூடுவதில்லை என்று இன்று கூட்டத்தில் சொல்லித் தொலைத்தேன்.

"வெரி குட்! மெக்கானிக் வர்ற வரைக்கும் நீயே இரு."

பாப்பாவை விடும் காப்பகத்திலிருந்து போன், குழந்தைக்குக் காய்ச்சல் என்று. போகட்டுமா சார் என்றேன். "நீ ஆரம்பிச்சதும்மா, நீயே முடி."

மெக்கானிக் இருட்டிய பிறகு வந்து, "ரப்பர் மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். மேனேஜர் மாற்ற மாட்டார். செலவாம்.

"ஏண்டி, அந்தக் கதவு எனக்குத் தெரியாதா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றார் ஓவன் அடுப்பைப் பார்க்கும் அக்கா.

மார்ச் 4

காய்ச்சல் இறங்கவில்லை. அந்த ஆள் நல்லா அனுபவிக்கணும். நான் பார்க்கணும்.

மார்ச் 9

"யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேனேஜர் கூட்டத்தில். எல்லோரும் செருப்பைப் பார்த்தோம். நானும்.

மார்ச் 14, சனி

முதலாளி மகள் கல்யாணத்துக்கு நாலடுக்கு கேக். மேனேஜர் யாரையும் தொடவிடாமல் தானே குளிர் அறையில் வைத்து, கதவைத் தள்ளிவிட்டுப் போனார். மூடவில்லை. விரல் நுழையும் இடைவெளி. சற்றுத் தூக்கித் தள்ளினால் போதும்.

தள்ளட்டுமா? எதற்கு? அப்புறம் ராத்திரி முழுக்க நான்தானே காவல்?

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு பாப்பாவைக் கூப்பிடப் போனேன். வழியெல்லாம் பாட்டு வேறு.

மார்ச் 15

க்ரீம் புளித்து, கேக் ஒருபக்கமாகச் சரிந்து... நல்லா வேணும்! இன்னும் வேணும்!

மார்ச் 17

"யாருமே பார்க்கலையா?" என்றார் முதலாளி. "இல்லீங்க." ஒரே குரல். மேனேஜர் பையோடு வெளியே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகச் சிரித்து அனுப்பினேன்.

"கதவைப் பத்தி அப்பவே சொன்ன பொண்ணு நீதானாமே?" என்று முதலாளி மேனேஜர் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 6

அந்தச் சட்டத்தை முதல் நாளே எடுத்துவிட்டேன். ரப்பரும் மாற்றியாயிற்று.

இன்று ஓவன் அடுப்பின் ஒயர் கருகிக் கிடந்தது. ஒரு வாரமாகவே தீய்ந்த வாடையாம். ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?"

"எனக்கென்ன தெரியும், மேடம்."

மேடம்! போன மாதம்வரை 'ஏண்டி'.

பேக்கரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஒரு பதில் இல்லை. இப்போது மறுபடியும் போடுகிறேன்: வேறு எங்கே என்ன பழுது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.