பச்சை நைட்டி போட்ட தலையணை

திருவனந்தபுரம்
18.9.94

பிரியமுள்ள சரசம்மா சேச்சிக்கு,

கடிதமும் நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலமும் கிடைத்தன. உப்பேரியை வார்டில் எல்லாருக்கும் கொடுத்தேன். எனக்குத்தான் வாயில் ருசி தெரியவில்லை. புற்றுக்குக் கரண்ட் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இடது மார்பை எடுத்த இடத்தில் தோல் கருத்து, துணி பட்டாலே எரிகிறது.

பசு கன்று போட்டது வரை எழுதியிருக்கிறீர்கள். பிரீதா என்னைத் தேடுகிறாளா என்று மட்டும் எழுதவில்லை. பதினொரு வயதில் அவளுக்கு இருப்பதே நாலைந்து வார்த்தை. அம்மா என்பதையாவது சொல்கிறாளா? தளர்வாக இருக்கும் என்று என் பச்சை நைட்டியைக் கேட்டிருந்தேன். புதிதாக ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். பழையது எங்கே போயிற்று? "சேச்சி இருக்கும்போது உனக்கென்ன கவலை?" என்று உங்கள் தம்பி மஸ்கட்டிலிருந்து எழுதுகிறார். கவலை இருக்கத்தான் செய்கிறது.

வத்சலா


சேர்த்தலா
25.9.94

அன்புள்ள வத்சலா,

பிரீதா நன்றாக இருக்கிறாள். புட்டுக்குப் பழம் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறாள். பெற்றவளைத் தேடாமல் இருப்பாளா? நைட்டி இங்கே ஒரு வேலைக்குத் தேவைப்பட்டது. என்ன வேலை என்று இப்போது கேட்காதே, சரியாக வந்தால் நீயே பார்ப்பாய். எல்லாவற்றையும் தோண்டித் துருவிக்கொண்டிருக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுப் படு.

உன் சேச்சி,
சரசம்மா


திருவனந்தபுரம்
3.10.94

சேச்சிக்கு,

நேற்று பக்கத்து வீட்டு ஏலியாம்மா என்னைப் பார்க்க வந்தாள். வாங்கி வந்த ஹார்லிக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"வத்சலே, சொல்றேன்னு தப்பா நினைக்காத. விளக்கு வெச்சதும் உன் நாத்தனார் கதவைச் சாத்திக்கிறா. ஜன்னல் வழியா பார்த்தேன். தலகாணிக்கு உன் பச்சை நைட்டியை மாட்டி நாற்காலியில உக்கார வெச்சிருக்கா. நெஞ்சுல, இடது பக்கம், செவப்புத் துணி. புள்ள அதுகிட்ட ஓடினா கையில பட்டுனு அடிக்கிறா. அடிச்சிட்டு என்னமோ மந்திரம் மாதிரி முணுமுணுக்கிறா. மாதாவே, சிலுவை போட்டுக்கிட்டு ஓடி வந்துட்டேன்!"

என் துணி. என் இடது பக்கம். செய்வினை இல்லாமல் இது வேறென்ன? நான் செத்தால் பிரீதா உங்களுக்கு என்று கணக்கா? பிள்ளை இல்லாதவள் கையில் போய் என் பிள்ளையைக் கொடுத்தேனே! கரண்ட் பாதியில் நின்றாலும் சரி, அடுத்த வாரம் வருகிறேன். அதற்குள் நீங்கள் என் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும்.

வத்சலா


சேர்த்தலா
6.10.94

வத்சலா,

தையல் பிரித்த அன்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அவ ஓடி வந்து நெஞ்சுல முட்டினா நான் தாங்க மாட்டேன் சேச்சி. என் பிள்ளையைக் கண்டு நானே கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும் போல." அதற்குத்தான் தலையணை. உன் வாசனை இருந்தால்தான் ஓடி வருகிறாள். புதுத் துணியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சிவப்பு இருக்கிற பக்கம் முட்டக் கூடாது, சுற்றி வந்து வலது தோளில் சாய வேண்டும். சொன்னால் புரியாத பிள்ளைக்கு வேறு எப்படிப் புரியவைப்பது? அடித்தது உண்மைதான். வலிக்காமல்தான் அடித்தேன், அதற்கே எனக்கு அழுகை வந்தது. அவளுக்குப் பிடிபடுமோ படாதோ என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை.

கரண்டைப் பாதியில் விடாதே. என்னை நம்பாவிட்டால் பரவாயில்லை, ஏலியாம்மாவை இங்கேயே வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்து அவளுக்கும் கால் வலிக்குமே. எல்லாம் முடிந்து நீ வருகிற அன்று காலை பஸ்ஸில் ஹரிப்பாட்டில் என் வீட்டுக்குப் போய்விடுவேன். பிள்ளை இல்லாதவள் என்று எழுதிவிட்டாய். இனி உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

நைட்டியைத் துவைத்துவிடாதே.

சரசம்மா


சேர்த்தலா
30.10.94

பிரியமுள்ள சேச்சிக்கு,

கரண்ட் முடிந்து நேற்று வந்தேன். சொன்னபடியே நீங்கள் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் நான் முழுக்க நம்பவில்லை. என் புத்தி அப்படி. பிரீதா என்னைக் கண்டதும் பழையபடி தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நெஞ்சில் எதுவும் விழவில்லை. திறந்து பார்த்தால் எதிரே நிற்கிறாள். என்னைச் சுற்றி வந்து, வலது தோளில் தலையை வைத்தாள். நான் அழுத அழுகையில் அவள் தலைமுடி நனைந்துவிட்டது.

சாயங்காலம் எரிச்சல் தாங்காமல் நெஞ்சைச் சொறியப் போனேன். பட்டென்று கையில் ஒரு அடி. "மெதுவா" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. "ஐயோ, இதுதான்டி நான் கேட்ட மந்திரம்!" என்று ஏலியாம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் எழுதியது மன்னிக்கக்கூடியது இல்லை. இருந்தாலும் மன்னித்துவிடுங்கள்.

காலையிலிருந்து பிரீதா தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். புட்டைத் தொடவில்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை. பஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நைட்டியைத் துவைக்கவில்லை. முகர்ந்து பார்த்தேன். அதில் இப்போது உங்கள் வாசனைதான் இருக்கிறது, சேச்சி. வந்துவிடுங்கள்.

உங்கள்
வத்சலா