கிணறு குடித்த பூதத்தின் சிரிப்பு

என் ராசா, துரை மச்சான்,

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து தப்பி ஓடிய உன் அத்தான் எழுதுகிறேன். பிழைகளை உன் கூட்டாளி குணம் திருத்தி, உங்கள் மாணவர் சஞ்சிகையில் போடுவானாம். அங்கே உனக்குக் காய்ச்சல் விட்டதா?

இங்கே உன் அக்கா இன்னும் உனக்கும் சேர்த்தே புட்டு அவிக்கிறாள். இரண்டு பங்கையும் நான்தான் தின்கிறேன். பூதத்துக்கு வயிறு வேண்டாமா?

அந்தப் பூதத்தால்தான் இந்தக் கடிதம். ஊர்க் கிணறுகளையெல்லாம் குடித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்ட பூதம். நீங்கள் ஐந்து பேர் கூடிக் கட்டிய கதை. குணம் பனைகளையும் வீடுகளையும் கண்ணாடியில் தீட்டினான். மற்றவர்கள் சனங்களைத் தீட்டினார்கள். பூதம் உன் பங்கு. மாடு இடித்து முன்பல் போன என்னைப் புகையிலைத் தோட்டத்திலிருந்து இழுத்துவந்து வாங்குப் பலகையில் ஏற்றினாய்.

"அத்தான், உங்களைப் பார்த்தாப் பிறகு கற்பனை எதுக்கு?"

"டேய், உன்ரை அக்கா இந்த முகத்தைப் பார்த்துத்தான் ஓம் எண்டவள்!"

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அப்படியே தீட்டிவிட்டாய். ஒரு கண்ணாடியில் மூடிய வாய், இன்னொன்றில் திறந்த வாய். படப்பெட்டி விளக்கின் முன்னால் ஒன்றை இழுத்து மற்றதைத் தள்ளினால், திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டியில் பூதம் சிரிக்கும். பல் போன ஓட்டையால் தண்ணீர் பாய்ந்து கிணறுகள் நிரம்பும். கதை முடியும்.

இனி என் குற்றம். உன் சாவுத் துடக்குக் கழித்த அன்று வீடு முழுவதும் கழுவினோம். உன் அறை என் பொறுப்பு. கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி தூசி மூடிக் கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்ததும் அக்காவிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். வாளித் தண்ணீரில் நீலமும் சிவப்பும் இறங்கியதைக் கண்டும் எனக்கு விளங்கவில்லையே, மச்சான்?

குணம் வந்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பூதம் வாய் திறந்த கண்ணாடி அதுதான்.

"பறவாயில்லை அண்ணை. நீங்கள் வந்து நில்லுங்கோ, நான் படத்தைத் திரும்பக் கீறுறன்."

மூன்று நாளாக வாங்கில் ஏறுகிறேன்.

"வாய் திறக்குது அண்ணை. கண் சிரிக்குதில்லை."

"கண்ணை நீயே பார்த்துக் கீறடா. அதுக்கும் நானே வரவேணும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. உன் அக்கா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை படம் காட்ட வேண்டும். ஊரே வருகிறது. பூதம் சிரிக்காவிட்டால் உங்கள் கதைக் கிணறுகள் வற்றியபடியே கிடக்கும். செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன் என்று என்னை ஊர் ஏசும். அப்படிப்பட்டவனுக்கு இப்போது ஒரு சிரிப்பு வருகுதில்லை. அன்றைக்கு எனக்கு முன்னால் நின்று நீ என்னதான் செய்தாய்? மூக்கைச் சுழித்தாயா? சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

நாளைக்கும் ஏறி நிற்பேன், மச்சான். இது சத்தியம். கண்ணுக்கு நான் பொறுப்பில்லை. வாயை மட்டும், கடைசிக் கிணறு நிரம்பும்வரை மூடமாட்டேன்.

உன் அக்காவைக் கட்டிப் பூதமாகிப்போன
உன் அத்தான்
கந்தையா