வாசலில் தள்ளப்படும் பனி வரம்பு பற்றியும், பதினொரு நிமிடத் தடை பற்றியும்

அனுப்புநர்:
ஜெயமலர் பஸ்ரியன்,
விடியல் பனியகற்றும் சேவை (மூன்று பெண்கள், ஒரு பழைய வான்),
ஸ்காபரோ, கனடா.

பெறுநர்:
திரு. இ. கஜீவன் அவர்கள்,
செயற்பாட்டு முகாமையாளர்,
வெண்தாரை பனியகற்றல் நிறுவனம்,
ஸ்காபரோ.

விடயம்: எம்மீது சுமத்தப்பட்ட மூன்று குற்றச்சாட்டுகளுக்கான பதிலும், தங்கள் இயந்திரத்தின் மீதான எமது முறைப்பாடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிறுவனம் பெப்ரவரி 14ஆம் திகதி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதனை மூவரும் மூன்று தடவை வாசித்தோம். கடிதத்தின் பிரதி எமது வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பப்பட்டதால், இருபத்தாறு வீடுகளில் ஆறு வீட்டார் எம்மை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டனர். குளிர்காலம் இன்னும் முடியவில்லை. எனவே இம்மனுவை அவசர மனுவாகக் கருதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. முதலில் நாம் யார் என்பதைச் சொல்லவேண்டும். நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள், வயது ஐம்பத்தொன்று. கிருஷ்ணவேணி தமிழ்நாட்டில், திருநெல்வேலியில் கணக்காளராக இருந்தவர். கௌசி பகலில் எம்முடன் பனி அள்ளி, மாலையில் தாதியர் படிப்புக்குப் போகிறவர். மூவரும் ஒரே பாண் தொழிற்சாலையில் ஒரே பெல்ற்றில் நின்றோம். 2023 டிசம்பரில் அது மூடப்பட்டது. கடைசி நாள் பஸ் தரிப்பிடத்தில், முழங்கால் வரை பனியில் நின்றோம். அப்போது கிருஷ்ணவேணி, "எல்லா வேலையும் போகுது. இந்தப் பனி மட்டும் போக மாட்டேங்குதே, இதையே அள்ளினா என்ன?" என்றார். பஸ் வருவதற்குள் எமது சேவை ஆரம்பமாகிவிட்டது.

3. முதல் நாளே தவறு செய்தோம் என்பதை மறைக்கவில்லை. 14ஆம் இலக்கத்துக்குப் பதிலாக 16ஆம் இலக்க வீட்டின் ட்ரைவ்வேயை, படி, தபால் பெட்டி உட்பட, கண்ணாடி போலத் துப்புரவாக்கிவிட்டோம். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து அழாத குறையாக நன்றி சொன்னார். இன்று அவரும் எமது வாடிக்கையாளர். ஆறு வீடுகள் போன பின்பும் போகாதவர்.

4. இனி முறைப்பாடு. நாம் ஒரு வாசலைத் துப்புரவாக்கிவிட்டு நிமிரும்போது தங்கள் பாரிய இயந்திரம் வீதியால் வருகிறது. வீதியில் கிடந்த பனி முழுவதையும் வயல் வரம்பு போல அந்த வாசலுக்குக் குறுக்கே கட்டிவிட்டுப் போகிறது. அள்ளிய பனி பஞ்சு. இந்த வரம்போ சீமெந்து. இதனால் இரண்டு குளிர்காலத்தில் பனி அள்ளும் சவல்கள் ஒன்பது முறிந்துள்ளன. கௌசி ஒரு தடவை அழுதார். நான் அழவில்லை, ஆனால் எழுத முடியாத சில சொற்களைச் சொன்னேன்.

5. பெப்ரவரி 13 காலை நடந்தது இது. 41ஆம் இலக்க வீட்டில் தனியாக வசிக்கும் அம்மையாருக்கு அன்று கண் சத்திரசிகிச்சை. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. பத்தரைக்கு அவரை ஏற்ற வான் வரவேண்டும். ஏழு மணிக்கு வாசலைத் துப்புரவாக்கினோம், இயந்திரம் வந்தது. எட்டரைக்கு மறுபடியும் துப்புரவாக்கினோம், மறுபடியும் வந்தது. பத்து மணிக்கு மூன்றாம் தடவை முடித்தபோது தெருமுனையில் அதன் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. எவரும் எவருடனும் கலந்து பேசவில்லை. மூவரும் சவலுடன் வீதிக்கு இறங்கி வரிசையாக நின்றுவிட்டோம்.

6. ஓட்டுநர் திரு. கிளிபோட் (அவரும் எம்மவர்தான்) இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார். "அக்கா, விலகுங்கோ. நான் றோட்டைத்தானே துப்பரவாக்கிறன்" என்றார்.
"றோட்டைத் துப்பரவாக்கி எங்கட வாசலிலை கொட்டுறீரோ?" என்று கேட்டேன்.
"முன்னாலை இருக்கிற பிளேட் அப்பிடித்தான் தள்ளும், அக்கா. நான் என்ன செய்ய?"
"வாசல் வரேக்கை பிளேட்டை மற்றப் பக்கம் சரியும். தாண்டினாப் பிறகு திருப்பும். வன்னியிலை இடம்பெயரேக்கை நான் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டினனான். பெட்டியிலை பதினேழு சனம். றோட்டிலை குழி. ஒருத்தரையும் விழுத்தேல்லை."
அவர் கதவைத் திறந்து, "அப்ப ஏறிக் காட்டுங்கோ" என்றார்.

7. ஆகவே குற்றச்சாட்டு ஒன்றுக்கான பதில்: ஆம், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். இயந்திரம் அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. எந்தப் பிடியை எப்போது இழுக்கவேண்டும் என்று மட்டும் காட்டினேன். ஹோர்ன் அடித்ததும் உண்மை. முதல் தடவை முழங்கை பட்டு அடித்தது. இரண்டாம் தடவை முழங்கை படவில்லை.

8. குற்றச்சாட்டு இரண்டு: பதினான்கு நிமிடம் தடைசெய்தோம் என்பது. பிழை. பதினொரு நிமிடம். மீதி மூன்று நிமிடமும் திரு. கிளிபோட் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் காத்திருந்தார். "தங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது" என்று பதிவுசெய்த ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பின் அவர் இயந்திரத்தை எடுத்தார். 41ஆம் இலக்க வாசலில் பிளேட்டைச் சரித்தார். ஒரு பிடி பனிகூட விழவில்லை. கௌசி கை தட்டினார்.

9. குற்றச்சாட்டு மூன்று: "அடையாளம் தெரியாத, வயது முதிர்ந்த நான்காம் பெண் ஒருவர் தும்புத்தடியால் இயந்திரத்தில் தட்டினார்" என்பது. இது முற்றிலும் உண்மை. சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டிய அம்மையார்தான் அவர். வீட்டு உடுப்புக்கு மேல் குளிரங்கி, காலில் பனிச் சப்பாத்து. நாம் அழைக்கவில்லை, தானாக இறங்கி வந்தார். அவரது பெயர் திருமதி இராஜேஸ்வரி இராஜரட்ணம். யூனியன்வில்லில் வசிக்கும் தங்களைப் பெற்ற தாயார்.

10. இதை நாம் முன்பு அறிந்திருக்கவில்லை. தங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, கையொப்பத்தைச் சொன்னபோதுதான், "உவன் என்ர மோன்" என்றார். தாங்கள் பனிக்காலத்தில் ஓய்வில்லாமல் இருப்பதால் சத்திரசிகிச்சை பற்றிச் சொல்லிக் கவலைப்படுத்த விரும்பவில்லையாம். நாம் ஆங்கிலத்தில் எழுத ஆயத்தமானோம். "தமிழிலையே எழுதுங்கோ. எட்டு வருசம் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனனான். வாசிப்பான்" என்று மறித்துவிட்டார். வான் பத்தரைக்கே வந்தது. கண் நன்றாக இருக்கிறது. மருந்து விடுவதற்குக் கிருஷ்ணவேணி காலையும் மாலையும் போய் வருகிறார். தாங்கள் ஒரு தடவை தொலைபேசி எடுத்தால் நல்லது. இது மனுவில் சேராது, ஆயினும் எழுதிவிட்டேன்.

11. ஆகவே தங்களிடம் நாம் வேண்டுவன:

அ. எச்சரிக்கைக் கடிதத்தை மீளப் பெற்று, அந்த ஆறு வீடுகளுக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

ஆ. இயந்திரம் வரும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்பாக எமக்குக் குறுஞ்செய்தியில் தரவேண்டும்.

இ. திரு. கிளிபோட் உப்புக் கிடங்குக்கு மாற்றப்பட்டதாக அறிகிறோம். அவர் எம்மிடம் முறையிடவில்லை. பிளேட்டைச் சரிக்கக் கற்றுக்கொண்ட ஒரேயொரு ஓட்டுநரை உப்பு அள்ள விடுவது தங்கள் நிறுவனத்துக்கே நட்டம்.

ஈ. தங்கள் நிறுவன வாசலில் "ஓட்டுநர்கள் தேவை" என்ற அறிவித்தல் தொங்குகிறது. நேற்று முன்தினம் கனரக வாகன உரிமப் பரீட்சையில் இரண்டாந் தடவையாகத் தோற்றிச் சித்தியடைந்துவிட்டேன். அடுத்த குளிர்காலத்துக்கு விடியலைக் கிருஷ்ணவேணியும் கௌசியும் நடத்துவதென முடிவாகியுள்ளது. என் விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதில், "பனியில் இரண்டு வருட அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்குக் கொடுத்த கட்டம் போதாதபடியால் பதிலை இங்கே எழுதுகிறேன்: இரண்டு குளிர்காலமாகத் தங்கள் இயந்திரங்கள் தள்ளிவிட்டுப் போன பனி முழுவதையும் கையால் அள்ளியவள் நான்.

நேர்முகத் தேர்வுக்கு எந்த நாளும் வரச் சம்மதம். பனி கொட்டும் நாளாயின் பத்து மணிக்குப் பின் வருவேன்.

இவ்வண்ணம்,
தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்திருக்கும்,

ஜெயமலர் பஸ்ரியன்
கிருஷ்ணவேணி
கௌசி

சாட்சி: இராஜேஸ்வரி இராஜரட்ணம் (கண்ணாடி இல்லாமல் வாசித்துக் கையொப்பமிட்டது)

இடம்: ஸ்காபரோ
திகதி: 20 பெப்ரவரி 2025